மங்கையர்க்கரசியின் குரலுக்கு வைத்த தண்ணீர்

ஆவாரங்கோட்டைப் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்பதை ஒலிபெருக்கி வழியே ஊருக்குச் சொல்லிவந்த மங்கையர்க்கரசியின் வாயிலிருந்து, ஓர் ஆவணி மாதத்து முற்பகலில், சங்கரன்கோவில் என்னும் ஊர்ப்பெயர் வராமல் போயிற்று. வராமல் போன அந்தப் பெயர் வழியில் எங்கும் தொலைந்துவிடாமல், வெயில் தாழ்ந்து ஊர் காப்பி குடிக்கும் நேரத்தில், அந்த வண்டியில் ஏறிப் போயிருந்த ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் அவளுடைய குரலிலேயே போய், "சங்கரன்கோவில் செல்லும் வண்டி இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று அறிவித்துவிட்டு அங்கேயே நின்றது. வீட்டிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் யாரும் இல்லை, குரல் மட்டும்தான் வந்திருக்கிறது என்று தெரிந்ததும், வந்தவரை வாசலில் நிற்கவைத்துப் பேசுவது மரியாதை அல்ல என்பதால், உள்ளே வரச்சொல்லி ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள்.

அது வலிப்புக்கு அவள் சாப்பிட்டுவந்த மாத்திரையின் வேலை என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மங்கையர்க்கரசிக்கு வலிப்பு பருவம் வந்த காலத்திலேயே வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் வலிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எழுந்து போனார்கள். மறைத்துக் கட்டிவைத்துவிடலாம் என்று யோசனை சொன்ன உறவினர்களை அவளே எழுப்பி அனுப்பினாள். பேருந்து நிலையத்தில் அவள் விழும்போதெல்லாம் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் சாவிக்கொத்து, திருப்புளி, சக்கரம் கழற்றும் இரும்பு என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவள் உள்ளங்கையில் திணிப்பார்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவள் எத்தனையோ முறை கண்டிப்பாகச் சொல்லியும், நினைவு திரும்பிக் கண் விழிக்கையில் அவள் கையில் ஒரு பணிமனைக்கே போதுமான இரும்பு இருக்கும். ஒரு கோடையில் அவள் பின்னோக்கி வந்துகொண்டிருந்த வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்தாள். நேரக் காப்பாளர் குலசேகரன் ஊதிய விசிலில் வண்டி ஒரு முழம் தள்ளி நின்றது. அதன் பிறகுதான் அவள் மாவட்டத் தலைநகருக்குப் போய் நரம்பு மருத்துவரைப் பார்த்தாள்; அவர் ஒரு வெள்ளை மாத்திரையை எழுதிக்கொடுத்து, மாதம் செல்லச் செல்ல அதன் அளவைக் கூட்டினார்; கூட்டக் கூட்ட வலிப்பு குறைந்து, கடைசியில் நின்றே போயிற்று. சொற்களும் அதே ஒழுங்கில் குறைந்தன.

தேநீர்க்கடை ஹபீபு பாய் அதை இப்படித்தான் விளக்கினார்: "எங்க மாமனாருக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுக் காது அடைச்சுப் போச்சு. நம்ம அரசிக்குப் பேச்சு நடந்து போகுது. உடம்புக்கு உடம்பு வேற. இதுல என்ன இருக்கு?"

அவளுடைய பேச்சை அறிந்தவர்களுக்கே அந்த இழப்பின் அளவு புரியும். ஒலிபெருக்கியில் ஒரு வண்டியை அறிவித்துக்கொண்டே, விசாரணை அறையின் சன்னல் துவாரத்தில் முகத்தை வைத்துக் கேட்பவருக்கு இன்னொரு வண்டியைச் சொல்லி, தாமதமாக வந்த நடத்துநரை மூன்றாவதாக ஒரு வாக்கியத்தில் கிழித்து, மூன்றும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்ளக்கூடியவளாக அவள் இருந்தாள். இப்போது ஒரு கேள்வி அவளிடம் வந்து சேர்ந்தால், அதன் பதில் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த பதிலின் சொல், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்கும் ஆளைப் போல உதட்டை அசைக்கும், ஓசை வராது. அவள் வாயைத் திறந்தபடி நிற்பாள். கேட்டவர் சற்று நேரம் நிற்பார். பிறகு வண்டிக்கு நேரமாகிவிடும்.

நகராட்சி அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. அவளுடைய பழைய குரலை எப்போதோ பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அதை ஓடவிடும் பொத்தானை அழுத்தும் பணியை அவளுக்கே கொடுத்தார்கள். ஆகவே அவள் நாள் முழுவதும் அந்தச் சிறிய அறையில் உட்கார்ந்து, தான் இன்னும் வேகமாக இருந்த காலத்தில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. மனிதர்களிடம் அவள் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமற்போன ஒவ்வொன்றும் மாலையில் அவரவர் வீடு தேடி வந்துவிடும் என்று உறுதியானபின், யாரும் அவள் முன்னால் காத்து நிற்பதில்லை. காலையில் சன்னல் துவாரத்தில் குனிந்து, "அரசியக்கா, பொண்ணை நர்சிங்குல சேர்க்கவா, டீச்சர் டிரெயினிங்லயா?" என்று கேட்டுவிட்டு, அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விடுவார்கள், பதில் சாயங்காலம் வரும். அவள் படித்தவள், கணக்கும் சட்டமும் அறிந்தவள், முகத்துக்கு அஞ்சாதவள் என்பதால் அவளுடைய யோசனைக்கு ஊரில் எப்போதும் மதிப்பு இருந்தது; இப்போது அந்த யோசனை வீட்டுக்கே வந்தது, அதுவும் வழக்கமாக அதோடு சேர்ந்து வரும் முறைப்பு இல்லாமல் வந்தது. நாலு மணிக்கு மேல் பெண்கள் சன்னலைத் திறந்துவைத்தார்கள். சில வீடுகளில் குரலுக்கென்று தனி முக்காலி போட்டார்கள். நோன்பு மாதத்தில் ஹபீபு பாய் வீட்டில் தண்ணீருக்குப் பக்கத்தில் இரண்டு பேரீச்சம்பழமும் வைத்தார்கள். குரல் எதையும் உண்பதோ குடிப்பதோ இல்லை. அது பேசி முடித்துப் போனபின், வைத்த தண்ணீர் வைத்தபடியே இருக்கும், அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவார்கள்.

அவளுடைய வீட்டுக்கு மட்டும் அது வந்ததில்லை. அவள் தனக்கென்று சொல்ல நினைத்தது எதுவும் இருக்கவில்லை.

மேட்டுத் தெருவில் அவளுடைய வீட்டுக்கும் பஞ்சவர்ணத்தின் மாவு மில்லுக்கும் இடையே ஒரே சுவர். மாலையில் வேலை முடிந்து வந்து, கால் கழுவி, விளக்குப் போட்டு அவள் உட்காரும்போது, சுவருக்கு அந்தப்பக்கம் தன்னுடைய குரல் நடத்துநர் ஒருவரைப் போலச் செய்துகாட்டுவதும், பஞ்சவர்ணம் மூச்சு முட்டச் சிரிப்பதும் கேட்கும். ஒருநாள் அவள் எழுந்து போய் மில்லின் கதவைத் தட்டினாள். பஞ்சவர்ணம் மாவு படிந்த கையோடு கதவைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"என்னக்கா, ஏதாச்சும் விட்டுட்டுப் போயிட்டியா? இப்பத்தானே வந்துட்டுப் போன!"

மங்கையர்க்கரசி நின்றாள். நான் வரவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

"சரிக்கா, உலக்கை மாதிரி நிக்காத. அரிசி ஊறிக்கிடக்கு. நாளைக்கு வா, உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருப்பேன்."

மறுநாள் மாலை, நான் வரவில்லை என்ற சொற்கள் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தன. பஞ்சவர்ணம் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு அதற்கும் சிரித்தாள்.

இவற்றையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பிறரிடம் இரக்கம் எதிர்பார்ப்பதை ஓர் ஒழுங்கீனமாக எண்ணும்படி வளர்ந்தவள் அவள். அவளால் பொறுக்க முடியாமற்போனது குலசேகரன் செய்தது.

குலசேகரன் மனைவியை இழந்தவர், மகன் வெளிநாட்டில், ஒரு பாதாம் மரமும் இரண்டு அறையுமான வீட்டில் தனியாக இருந்தார். விசில் ஊதி அவளைச் சக்கரத்திலிருந்து காப்பாற்றிய அந்தக் கோடையில், வண்டி வராத ஓர் இடைவேளையில், அவர் விசாரணை அறையின் துவாரத்தருகே வந்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அரசி, நீ ஒரு வீட்டுல தனியா விழறே. நான் ஒரு வீட்டுல தனியா உக்காந்திருக்கேன். ரெண்டையும் ஒரே வீட்டுல வச்சுக்கலாம்ல?"

"இது கல்யாணப் பேச்சா, இல்ல வண்டி மாத்தி விடற யோசனையா?" என்றாள் அவள். மாத்திரை தொடங்காத காலம்.

"கல்யாணம்னே வச்சுக்கோ."

"அப்ப கடிகாரத்தைப் பாக்காம கேக்கணும் டி.கே. சார். யோசிச்சுச் சொல்றேன்."

நேரக் காப்பாளரை, டைம் கீப்பர் என்பதைச் சுருக்கி, பேருந்து நிலையத்தில் எல்லோரும் டி.கே. என்றுதான் அழைத்தார்கள். அவள் உண்மையிலேயே யோசித்தாள். அவசரப்பட்டு மகிழ்ச்சி அடைவது அவள் இயல்பில் இல்லை. யோசித்து முடித்து, சரி என்று அவரிடம் சொல்ல அவள் போன நாளில் மாத்திரை முழு அளவை எட்டியிருந்தது. அவள் அவர் முன்னால் நின்றாள். அவரும் நின்றார், இம்முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சொல் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று உதட்டை அசைத்தது. அப்போது இராசபாளையம் வண்டி உள்ளே நுழைந்து ஒலியெழுப்ப, அவர் விசிலோடு ஓட வேண்டியதாயிற்று.

அன்று மாலை அவளுடைய சம்மதம் அவர் வீட்டுக்குப் போயிற்று. அவர் அதற்குத் தண்ணீர் வைத்தார்.

மறுநாள் முகம் மலர்ந்து அவர் துவாரத்தருகே வந்து, "நேத்து வந்து சொல்லிட்டியே, போதும்மா. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு" என்றார். அவர் நாள் குறிப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் குறிக்கவில்லை. பகலில் அவரிடம் சொல்ல அவள் முயன்றவை, எப்போது வரட்டும், என் பாத்திரங்களை எங்கே வைப்பது, பாதாம் இலை விழுந்து கிணறு அடைத்துக்கொள்ளாதா என்பவையெல்லாம், மாலைதோறும் அவர் வீட்டுக்குச் சென்றன. அவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். பதிலுக்குப் பதில் அடுத்த மாலை வந்தது. அவர் மெலிந்த முகம் தேறிற்று. சட்டையை இஸ்திரி போட்டு அணிந்தார். மாலை நேர வேலையை இன்னொருவருக்கு மாற்றிவிட்டு நேரத்தோடு வீடு திரும்பினார். "நேத்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தோம்ல?" என்று அவர் காலையில் கேட்கும்போது, அந்தப் பேச்சில் தான் இல்லை என்பதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அந்தச் சொல் மாலையில் அவர் வீட்டுக்கு வரும்போது அவள் அங்கு இருக்கமாட்டாள்.

ஒரு பெண் தன்னுடைய குரலுக்கே சக்களத்தியாக நேர்ந்ததை நினைத்து அவள் அழவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போனாள்.

மருத்துவர் வடக்கிலிருந்து வந்த இளம்பெண். தமிழை எண்ணி எண்ணிப் பேசுவார். அதனால் அவருக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. ஒரு சொல் வந்து சேர மற்றவர்கள் தராத நேரத்தை அவர் தந்தார்.

"பேச்சு வர நேரம் ஆகுதா?"

"வருது," என்றாள் மங்கையர்க்கரசி, வெகுநேரம் கழித்து. "வேற வீட்டுக்கு."

மருத்துவர் வியப்படையவில்லை. "இந்த மாத்திரையில ஒருத்தர் கூட்டல் கணக்கு மறப்பார். ஒருத்தர் பாதி வாக்கியத்துல நின்னுடுவார். உங்களுக்கு வேற வீட்டுக்குப் போகுது. எல்லாம் இதோட வேலைதான். நீங்களா நிறுத்தக் கூடாது, நிறுத்தாம இங்க வந்தீங்க, நல்லது. மாத்தலாம். இதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, வேற ஒண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். நடுவுல வலிப்பு வரலாம். புது மாத்திரையும் முழுசா பழையபடி ஆக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்." பிறகு, "வலிப்பு வந்தா பக்கத்துல யார் இருப்பாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மருத்துவர் எவ்வளவு காத்திருந்தும் பதில் வரவில்லை. அடுத்த முறை போனபோதுதான் அது எங்கே போயிற்று என்று தெரிந்தது. "அன்னைக்குச் சாயங்காலம் உங்க பதில் வந்தது," என்றார் மருத்துவர், மேசையைப் பார்த்துக்கொண்டு. "யாருமில்லைன்னு சொல்லுச்சு. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. எழுந்து நின்னேன்."

ஆவாரங்கோட்டையில் எழுந்து நின்றவர் எவரும் இல்லை. அவள் மாத்திரையை மாற்றப்போகும் செய்தி பரவியதும் எழுந்து வந்தார்கள். விசாரணை அறைக்கு முன்னால் கூட்டம் கூடிற்று. "உனக்கு என்னம்மா குறை, வலிப்புதான் நின்னு போச்சுல்ல" என்றார்கள். தங்கள் பெண்ணின் வரன் பாதிப் பேச்சில் நிற்கிறது என்றார் ஒருவர். கூட்டத்தின் நடுவே பஞ்சவர்ணம் கண்கலங்கி, "நீ வராம நான் சாயங்காலத்தை எப்படிக்கா ஓட்டுவேன்?" என்று அவளிடமே கேட்டாள். ஹபீபு பாய் மட்டும், "பேச்சு அவங்களோடது, அவங்க வாயில இருந்தாத்தான் என்ன?" என்று கூறிவிட்டுப் பாலை ஆற்றப் போனார்.

கடைசியாகக் குலசேகரன் வந்தார். "நல்லாத்தான போய்க்கிட்டிருக்கு, அரசி. மறுபடி விழுந்தா நான் எங்கிட்டு ஓடி வர்றது?" என்றார். அவர் குரலில் இருந்தது அச்சம்தான். எதை இழந்துவிடுவோம் என்னும் அச்சம் என்பதை மட்டும் அவர் தெளிவாக அறிந்திருக்கவில்லை.

அன்று மாலை ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில் வந்தது: "மாற்றுவேன்." வழக்கத்துக்கு மாறாக அது தண்ணீருக்காக நிற்காமல் போயிற்று.

மாற்றம் மெதுவாக நடந்தது. ஐப்பசி மழையின்போது ஒரு முற்பகலில், விசாரணை அறையிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். பதிவுசெய்த குரல் தொடர்ந்து வண்டிகளை அறிவித்துக்கொண்டிருந்தது. கண் விழித்தபோது அறை நிறைய ஆட்கள். கை நிறையச் சாவி. யாரோ அவள் தலையை மடியில் வைத்திருந்தார்கள். யாரோ பாதத்தைத் தேய்த்தார்கள். குலசேகரன் மழையில் நனைந்த சட்டையோடு மண்டியிட்டு, சாவியோடு சேர்த்து அவள் கையைப் பிடித்திருந்தார். எத்தனை மாதமாயிற்று ஒரு கை தன் மீது பட்டு என்று அவள் எண்ணிப் பார்த்தாள். இரும்பைத் திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அவளுக்கு உணர்வு தெளிந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிகளுக்குத் திரும்பினார்கள்.

"சொன்னேன்ல?" என்றார் குலசேகரன், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு.

"சொன்னீங்க," என்றாள் அவள்.

அது உடனே வந்துவிட்டது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

கார்த்திகை பிறந்தபோது வலிப்பு மறுபடி அடங்கியிருந்தது. வீடுகளுக்கு வரும் குரல் மெலியத் தொடங்கியிருந்தது. முதலில் அது பாதிச் சொல்லோடு வந்து நின்றது, பிறகு சில வீடுகளில் வெறுமனே தொண்டையைச் செருமிவிட்டுப் போயிற்று, பிறகு வரவில்லை. ஊர் சில நாள் சன்னலைத் திறந்துவைத்து, பிறகு கொசுவுக்காக மூடிக்கொண்டது. முக்காலிகளில் மடித்த துணி ஏறிற்று. அவளிடம் நேரில் வந்து கேட்கும் பழக்கம் இதற்கிடையில் ஊருக்கு விட்டுப்போயிருந்தது. அவள் வாயில் இப்போது சொற்கள் இருந்தன, முன்புபோல் மூன்று சரமாக அல்ல, ஒற்றைச் சரமாக, இடையிடையே ஒரு முடிச்சோடு. ஆனால் சன்னல் துவாரத்தில் குனிய யாரும் இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் பஞ்சவர்ணத்தின் மில் மட்டும் ஓடியது.

குலசேகரன் மட்டும் சன்னலை மூடவில்லை. காலையில் அவர் முகம் சவரம் செய்யப்படாமல் இருந்தது. "நேத்தும் வரலியே அரசி," என்று அவளிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு நாள் மாலை, வேலை முடிந்ததும் அவள் மேட்டுத் தெருப் பக்கம் திரும்பாமல் நேரே நடந்தாள். பாதாம் இலைகள் உதிர்ந்து கிடந்த முற்றத்தைக் கடந்து, திறந்திருந்த கதவருகே நின்றாள். உள்ளே அவர் சாய்வு நாற்காலியில், சன்னலைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு எதிரே ஒரு முக்காலி. அதன்மேல் ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், விளிம்பு வரை, அசையாமல்.

"டி.கே. சார்."

அவர் திரும்பிப் பார்த்து, அன்போடுதான், ஆனால் ஆள் மாறி வந்துவிட்டவரைப் பார்ப்பதுபோல, விரலை உதட்டில் வைத்தார்.

"கொஞ்சம் இரு, அரசி. அவ வர்ற நேரம்."

சொல்லிவிட்டுச் சன்னலை நோக்கித் திரும்பிக்கொண்டார்.

அவள் திரும்பிப் போயிருக்கலாம். போவதற்கு அவளுக்கு முழு உரிமையும், போதிய கோபமும் இருந்தன. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, உள்ளே வந்து, சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் காத்திருந்தார்கள். பால்காரர் மணியடித்துப் போனார். தெருவிளக்கு எரிந்தது. பேருந்து நிலையத்திலிருந்து அவளுடைய பழைய குரல், யாருக்கென்றில்லாமல், கோவில்பட்டி வண்டியை அறிவித்தது மெல்லியதாகக் கேட்டது. சன்னல் வழியே கொசு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

சன்னல் முழுவதும் இருண்டதும், மங்கையர்க்கரசி கையை நீட்டி, முக்காலியில் இருந்த டம்ளரை எடுத்து, அண்ணாந்து, இடையில் நிறுத்தாமல் குடித்தாள். வேலை முடிந்து அத்தனை தூரம் நடந்து வந்திருந்தாள். அவளுக்குத் தாகமாக இருந்தது. குடித்து முடித்து டம்ளரை முக்காலியில் வைத்தபோது அது காலி டம்ளரின் ஓசையோடு அமர்ந்தது.

குலசேகரன் அந்த ஓசைக்குத் திரும்பினார். டம்ளரைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். எத்தனை மாலைகள் அவர் அதை நிறைத்து வைத்து, நிறைந்தபடியே எடுத்துப்போய்ச் செடிக்கு ஊற்றியிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார்: வியர்த்த நெற்றி, ஈரமான உதடு, வலிப்பில் விழுந்ததில் இடது புருவத்தின்மேல் விழுந்திருந்த புதிய தழும்பு.

"இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். புதிய மாத்திரைக்கும் ஒரு முடிச்சு உண்டு. சொல் அதில் சிக்கிக்கொண்டு நின்றது. குலசேகரன் காலி டம்ளரை இரு கையாலும் பிடித்தபடி, சன்னலைப் பார்க்காமல், உட்கார்ந்திருந்தார்.